ஏழு வாரம் சம்பளம் வராவிட்டால் அபராதம் எவ்வளவு? - தருமபுரியின் நூறு நாள் கணக்கு!

காலை ஒன்பது மணி. பென்னாகரம் பக்கம் ஏரிக்கரையில் வரிசையாக நிற்கிறார்கள் பெண்கள். கையில் மண்வெட்டி, சட்டி, தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழ். பணித்தளப் பொறுப்பாளர் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார். போட்டோவில் முகம் விழுந்தால்தான் வருகைப் பதிவு. மதியத்துக்குமேல் இன்னொரு போட்டோ. 2023 ஜனவரி முதல் இதுதான் நடைமுறை. சிக்னல் கிடைக்காத மலையடிவார ஊர்களில், போட்டோவை ஏற்றுவதே தனி வேலை.

தருமபுரி மாவட்டத்துக்கு நூறு நாள் வேலை வந்தது 2008 ஏப்ரலில். திட்டம் தொடங்கிய 2006-ல் தமிழ்நாட்டுக் கூலி 80 ரூபாய். 2025-26-ல் 336 ரூபாய். நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதே என்று தோன்றும். ஆனால், அந்த 336 அப்படியே கைக்கு வந்துவிடாது. வெட்டிய மண்ணை அளந்து, அளவுக்கு ஏற்பத்தான் கூலி. கோடையில் தருமபுரி மண் பாறையாக இறுகிக் கிடக்கும். மண்வெட்டி இறங்காத நாளில் கூலியும் இறங்கிவிடும்.

336 போதுமா என்பதற்கு மத்திய அரசு அமைத்த குழுவே பதில் சொல்லியிருக்கிறது. அனூப் சத்பதி தலைமையிலான அந்தக் குழு, 2018 விலைவாசிப்படி ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 375 ரூபாயாக இருக்க வேண்டும் என 2019-ல் பரிந்துரைத்தது. 2025-26-லும் தமிழ்நாட்டின் நூறு நாள் கூலி அதைத் தொடவில்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டு சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி ஆனது. அங்கேயும் போதவில்லை என்ற குரல் உண்டு. ஆனால், இங்கே சட்டத்தின் 6-வது பிரிவு, குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைப் பொருட்படுத்தாமலே கூலியை நிர்ணயிக்க மத்திய அரசுக்கு அனுமதி தந்தது.

அந்தக் கூலியாவது நேரத்துக்கு வருகிறதா? 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கூலிப் பணம் வரவில்லை. பாக்கி 1,056 கோடி ரூபாய் என்று 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார் முதல்வர் ஸ்டாலின். பொங்கலுக்கு முந்தைய நாள்கள் அவை. மளிகைக் கடைக்காரர் நோட்டைத் திருப்பிக் காட்டும் நேரம்.

15 நாளுக்குமேல் தாமதமானால் இழப்பீடு உண்டு. எவ்வளவு? நாளொன்றுக்கு 0.05 சதவிகிதம். ஆறு நாள் கூலி 2,016 ரூபாய் என்றால், தினம் ஒரு ரூபாய். ஏழு வாரம் இழுத்தடித்தால், முதல் 15 நாள் போக, 34 ரூபாய்! கந்துவட்டிக்காரர் இந்தக் கணக்கைக் கேட்டால் சிரிப்பார்.

அதனால்தான் வீட்டில் இளவட்டங்கள் ஏரிப்பக்கம் வருவதில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலை, திருப்பூருக்குப் பனியன் வேலை என்று பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊரில் மிஞ்சுவது வயதானவர்களும் பிள்ளைக்குட்டிக்காரப் பெண்களும். பஸ் ஏற முடியாதவர்களுக்கு இந்தக் கூலிதான் கை கொடுக்கிறது.

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியது நாடாளுமன்றம். நாள்கள் 125. ஆனால், முன்பு கூலி முழுவதையும் தந்த மத்திய அரசு, இனி செலவில் 60 சதவிகிதம்தான் தரும். மீதி 40 மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள்வரை வேலையை நிறுத்திவைக்கலாம். ஆள் கிடைக்காமல் தவிக்கும் விவசாயிக்கு அது நிம்மதி. மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் தருமபுரியில், மழை பொய்த்த வருடத்தில் அந்த 60 நாளும் வயலிலும் வேலை இருக்காது, ஏரியிலும் இருக்காது.