கட்டிலருகே வாசித்த ஓராண்டு

சென்ற ஆண்டு முழுவதும் வாரத்தில் மூன்று நாள்கள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், என் தந்தையாரின் கட்டிலருகே அமர்ந்திருந்தேன். சிறுநீரகங்கள் செயலிழந்தமையால் அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. ஊசி செருகிய கையை அசைக்கலாகாது. நீரிழிவினால் பார்வையும் மங்கிவிட்டது. நாற்பதாண்டுகள் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவருக்குப் புத்தகத்தைத் தாமே ஏந்திப் படிக்க இயலாமற்போயிற்று. ஆகவே நான் படித்தேன், அவர் கேட்டார்.

எதைப் படிப்பது என்பதில் திட்டம் ஏதும் இல்லை. வீட்டு அலமாரியிலும் கிளை நூலகத்திலும் கைக்குக் கிடைத்ததை எடுத்துச் சென்றேன். முதலில் வாய்த்தது தேவனின் 'துப்பறியும் சாம்பு'. அசடு என்று பேரெடுத்த சாம்பு, தற்செயலாகவே குற்றவாளிகளைப் பிடித்துப் புகழ் பெறுகிறார். சிகிச்சை தொடங்கிய நாள் முதல் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்த தந்தையார், மூன்றாம் கதையில் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த கட்டிலில் இருந்தவர், "கொஞ்சம் உரக்கப் படியுங்கள்" என்றார்.

அடுத்துச் சில மாதங்களை உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எடுத்துக்கொண்டது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1942இல் ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. சிறு சிறு அத்தியாயங்களாக அமைந்திருப்பது எங்களுக்குப் பெரிதும் உதவிற்று. இரத்த அழுத்தம் சட்டென்று தாழும், காலில் தசை இழுத்துக்கொள்ளும், செவிலியர் விரைந்து வருவார், வாசிப்பு நிற்கும். மறுமுறை தொடங்குகையில் கதை எங்கும் அறுபட்டிராது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் இறுதிநாளில் அவர் அருகிருந்து மாணவர் திருவாசகம் படித்த பகுதி வந்தபோது மட்டும் என் குரல் தடுமாறியது. தந்தையார் கண்களை மூடியபடி, "மேலே படி" என்றார்.

அவ்வாண்டில் நான் ஒரு தவறு செய்தேன். புதுமைப்பித்தன் சிறுகதைகளை வாசிக்கையில் 'செல்லம்மாள்' கதையை வேண்டுமென்றே தாண்டிச் சென்றேன். நோயுற்ற மனைவியை இழக்கும் பிரமநாயகம் பிள்ளையின் கதை அது. மருத்துவமனையில் படிக்கத் தக்கதன்று என எண்ணினேன். அச்சகத்தில் வாழ்நாளைக் கழித்தவரை ஏமாற்ற முடியுமா? "இந்தத் தொகுப்பில் செல்லம்மாள் இருக்குமே, ஏன் விட்டுவிட்டாய்?" என்றார். வேறு வழியின்றிப் படித்தேன். முடிந்ததும் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கடை வேலையும் பார்த்து, வந்து சமைத்தும் போட்டு, அந்த மனுஷன் எவ்வளவு களைத்திருப்பார்! நீ நேற்று இரவு தூங்கினாயா அம்மா?" என்று கேட்டார். இறந்தவளை எண்ணி அவர் கலங்குவார் என்று நான் அஞ்சியிருந்தேன். அவரோ அருகிருந்தவரை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பின்னர் எதையும் மறைக்கவில்லை. டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' நூலைத் தமிழில் படித்தோம். இவானின் வீட்டார் அனைவரும் அவருக்கு வந்திருப்பது குணமாகக்கூடிய நோயே என்று நடிக்கின்றனர். கெராசிம் என்னும் பணியாள் ஒருவனே பொய் சொல்லாதவன். வலி தணிவதற்காக அவருடைய கால்களைத் தன் தோளில் தாங்கி இரவெல்லாம் அமர்ந்திருப்பவனும் அவனே. அன்று வீடு திரும்பும் வழியில் தந்தையார், "டாக்டர் உன்னிடம் தனியாக என்ன சொன்னார்?" என்று கேட்டார். இதயம் தளர்ந்திருப்பதால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்த இயலாது என்பதை நான் இரு மாதங்களாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்று சொன்னேன்.

அடுத்த முறை இருவரும் சேர்ந்தே மருத்துவரைச் சந்தித்தோம். தந்தையார் தம் கேள்விகளைத் தாமே கேட்டார். டயாலிசிஸ் தொடர்ந்து நடைபெற வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. ஆயினும் நாளொன்றுக்கு அளந்து தரும் தண்ணீருக்காக என்னோடு சண்டையிடுவதை அவர் விட்டுவிட்டார். காரணம் தெரிந்த கட்டுப்பாடு அவருக்குச் சுமக்கத் தக்கதாயிற்று.

ஆண்டின் இறுதியில் திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் படித்தோம். பத்துக் குறள்களில் ஆறு உணவின் அளவையும் பசியையும் பற்றியவை. "நம் உணவு ஆலோசகர் சொல்வதும் இதுதானே" என்று சிரித்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என மருத்துவத்தை நான்காக எண்ணுகிறது இறுதிக் குறள். அருகிருப்பவரையும் வள்ளுவர் கணக்கில் சேர்த்திருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

நோயாளிக்குப் படித்துக்காட்ட விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். அரைமணிக்குள் முடியும் கதைகளைத் தேர்ந்தெடுங்கள். அவர் உறங்கிவிட்டால் வருந்தாதீர்கள், அதுவும் நல்லதே. எந்த நூல் வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். துயரக் கதை என்று நீங்களாக ஒதுக்கிவிட வேண்டாம், கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் அக்கணமே மூடிவிடுங்கள்.

இவ்வாண்டுக்கான முதல் நூலைத் தந்தையார் தேர்ந்தெடுத்துவிட்டார். மீண்டும் சாம்புவாம். அடுத்த கட்டில் அன்பரின் விருப்பமும் அதுவே.