தோழிக்குத் துடக்கு இல்லை

அச்சுவேலிச் சந்தையிலிருந்து என் வீட்டுக்கு வர ஒரு குறுக்கு ஒழுங்கை இருக்கிறது. பதினைந்து வருடங்களுக்கு மேலாக அந்த ஒழுங்கையை விட்டுச் சுற்றுப்பாதையால்தான் நான் சைக்கிள் மிதித்தேன். அதில் மூன்றாவது படலை என் பள்ளித்தோழியின் வீடு.

முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை ஒரே வாங்கில் இருந்தோம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் தென்மராட்சிக்குப் போயின. மழையில் நனைந்துகொண்டு ஒரு சாக்குக்குக் கீழே இரண்டு பேரும் ஒடுங்கி இருந்தது இன்றும் ஞாபகம். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பி, கூரையில்லாத வகுப்பறையில் மறுபடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

2006 ஜூலையில் அவள் கிளிநொச்சிக்குப் புறப்பட்டாள். அங்கே இருந்த அக்காவுக்குப் பிள்ளைப்பேறு. "இரண்டு கிழமையிலை வந்திடுவன்" என்று எல்லோரிடமும் சொன்னாள். போவதற்கு முதல்நாள் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அப்போது நான் அவளோடு கோபம். என் சைக்கிளை இரவல் வாங்கிப் போய் ரயர் காற்றுப் போன நிலையில் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போயிருந்தாள். வேறொன்றும் இல்லை. "நான் வீட்டிலை இல்லை எண்டு சொல்லுங்கோ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குசினிக்குள் நின்றுகொண்டேன்.

ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியது. ஏ-9 பாதை பூட்டப்பட்டது. இரண்டு கிழமை மூன்று வருடமாகியது. 2009 ஏப்ரலில் மாத்தளனில் எறிகணை பட்டு அவள் போய்விட்டாள் என்ற செய்தியை, செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்த அக்காதான் பிறகு அனுப்பினார். செய்தி கேட்டு என் அம்மா அந்த வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

எங்கள் சமூகத்தில் சாவுக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. உரித்துக்காரருக்குத் துடக்கு. எட்டுச்செலவுக்கும் அந்தியேட்டிக்கும் யார் என்ன செய்வது என்று முறை இருக்கிறது. மனைவிக்கும் தாய்க்கும் அழ இடம் இருக்கிறது. அரசாங்கத்தின் படிவங்களிலும் அவர்களுக்குக் கட்டம் இருக்கிறது. தோழிக்குத் துடக்கு இல்லை. படிவத்தில் கட்டமும் இல்லை. சமூகவியல் படித்தபோது இழவுச் சடங்குகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். இந்த ஒன்று மட்டும் அப்போது என் கண்ணில் படவில்லை.

ஆனால் தோழியின் துக்கம் சின்னத் துக்கம் அல்ல. கிருசாந்தி குமாரசுவாமியை நினைத்துப் பாருங்கள். சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி, வயது 18. 1996 செப்ரெம்பர் 7ஆம் திகதி உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு, இராணுவ வாகனம் மோதி இறந்த பள்ளித்தோழிக்கு அஞ்சலி செலுத்தப் போனாள். பரீட்சைக் காலத்திலும் தோழியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்த பிள்ளை அவள். வீடு திரும்பும் வழியில் செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டு, வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவளைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் அதே இடத்தில் கொல்லப்பட்டார்கள். 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினருக்கு மரணதண்டனை தீர்ப்பளித்தபோது, அவர்களில் ஒருவர் செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். 1999இல் அங்கே தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மறுபடி தோண்டினார்கள். செப்ரெம்பருக்குள் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. குழந்தைகளுடையவையும் அவற்றில் இருந்தன. பாடசாலைப் பையொன்றும் பொம்மையும் கிடைத்தன. ஓகஸ்ட் 5ஆம் திகதி, மீட்கப்பட்ட பொருட்களைச் சனங்கள் பார்த்து அடையாளம் காட்டுவதற்காக வைத்தார்கள். எங்கள் பெண்கள் குழுவிலிருந்து சிலரை அழைத்துக்கொண்டு நானும் போனேன்.

வந்தவர்களில் ஒரு அக்கா யாருக்கும் மனைவியாகவோ தாயாகவோ வரவில்லை. 1996இல் காணாமற்போன தன் வகுப்புத்தோழியைத் தேடி வந்திருந்தார். ஒவ்வொரு துணியாகக் குனிந்து பார்த்தார். செருப்புகளின் முன்னே வெகுநேரம் நின்றார். எதையும் அடையாளம் காட்ட முடியவில்லை. திரும்பி வரும்போது, "வீட்டுக்காரர் எல்லாரும் செத்துப் போச்சினம் பிள்ளை. அவள் என்ன நிறச் சட்டை விரும்பிப் போடுவாள் எண்டு தெரிஞ்ச ஆள் இப்ப நான் ஒருத்திதான். நான் வராட்டி ஆர் வாறது?" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அடுத்த ஞாயிறு அந்த ஒழுங்கையால் போனேன்.

அவளுடைய அம்மா முற்றத்தில் வெங்காயம் பிடுங்கிக் கொண்டுவந்து காயவிட்டிருந்தார். என்னைக் கண்டதும் "இப்பதான் வழி தெரிஞ்சதோ?" என்று கேட்டுக் கதிரையை எடுத்துப் போட்டார். பிளேன்ரீ ஆறும்வரை நான் பேசவில்லை. பிறகு, அன்றைக்குக் குசினிக்குள் ஒளித்து நின்ற கதையைச் சொன்னேன்.

"அது அவளுக்குத் தெரியுமே," என்றார் அம்மா. "உன்ரை செருப்பு வாசலிலை கிடந்ததாம். சிரிச்சுக்கொண்டு வந்து சொன்னவள். வந்து சமாதானப்படுத்துறன், ரயரும் மாத்திக் குடுக்கிறன் எண்டவள்."

அன்று நான் அழுதேன். அம்மாவும் அழுதார். அவரிடம் மகளின் படமென்று இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம் மட்டும்தான். என்னிடம் இருந்த வகுப்புப் படத்திலிருந்து அவளைப் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரட்டைப் பின்னலோடு, கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறாள். இப்போது சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள்.

சகோதரிகளே, உங்களுக்கும் இப்படி ஒருத்தி இருந்திருப்பாள். பழைய ஓட்டோகிராப்பையும் வகுப்புப் படங்களையும் எடுத்துப் பாருங்கள். அவளுடைய பெயர், எந்த ஆண்டு எங்கே கடைசியாகக் கண்டீர்கள், என்ன உடுத்திருந்தாள், எந்தப் பல் உடைந்திருந்தது என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். காணாமற்போனவள் என்றால் அவளுடைய வீட்டாருக்கும் அதைச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு பொருளையோ ஒரு எலும்பையோ அடையாளம் காண உங்கள் ஞாபகம் உதவக்கூடும். அவளுடைய தாய் உயிரோடு இருந்தால் ஒரு தரம் போய்ப் பாருங்கள்.

நான் இப்போது சந்தைக்குப் போய்வருவது அந்த ஒழுங்கையால்தான்.