பூச்சாண்டியின் இயந்திரம்

கைப்பற்றப்பட்ட ஆயுதம் யாருடையது? இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பின்லாந்தின் விமானப்படையை முன்வைத்து இக்கேள்வியைச் சற்று விளக்க முனைகிறேன்.

1939-40 குளிர்காலப் போரில் சோவியத்தின் தாக்குதலுக்குள்ளான பின்லாந்துக்குப் பிரான்ஸ் 30 மோரான் 406 சண்டை விமானங்களை அனுப்பியது. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தது. அங்கு ஜேர்மனி கைப்பற்றிய அதே வகை விமானங்களில் 57 பின்னர் பின்லாந்துக்கு விற்கப்பட்டன. அமெரிக்காவில் தயாராகி, பிரான்சும் நோர்வேயும் வாங்கி, ஜேர்மனியிடம் பறிகொடுத்த கேர்டிஸ் ஹோக் 75 விமானங்கள் 44உம் இவ்வழியே வந்தன.

மோரானின் இயந்திரம் வலுக்குறைந்தது. எனவே, ஜேர்மனியர் கிழக்கு முனையில் கைப்பற்றிய சோவியத் கிளிமோவ் எம்-105 இயந்திரங்களைப் பின்லாந்து வாங்கிப் பொருத்தியது. அது பொருந்தியதில் அதிசயமில்லை. பிரான்சின் ஹிஸ்பானோ-சுயிசா இயந்திரத்தை உரிமம் பெற்று சோவியத் வளர்த்தெடுத்ததே கிளிமோவ். மோரானில் முன்னிருந்ததும் ஹிஸ்பானோ-சுயிசாவே. இக்கலப்பு விமானம் 1943இல் முதன்முதலாகப் பறந்தது. 'மோர்க்கோ-மோரான்' எனப் பெயரிட்டார்கள். மோர்க்கோ என்றால் பூச்சாண்டி.

1944 செப்டெம்பரில் சோவியத்துடன் போர்நிறுத்தம் ஏற்பட்டது. ஜேர்மன் படைகளை வெளியேற்றவேண்டும் என்பது நிபந்தனை. லாப்லாந்தில் மோரான்கள், விற்ற ஜேர்மனியருக்கு எதிராகவே பறந்தன.

ஆகவே ஆயுதத்துக்கு அரசியல் இல்லை என்று சிலர் முடிவுகட்டக்கூடும். எனக்கு இது உடன்பாடல்ல. ஹோக் விமானங்கள் வரத்தொடங்கிய 1941 யூனில்தான் ஜேர்மனி சோவியத்மீது படையெடுத்தது. பின்லாந்தும் அப்போரில் இறங்கியது. தன்னுடையது தனிப்போர் என்றது. ஆனால் வடபின்லாந்தில் ஜேர்மன் படைகள் நிலைகொண்டிருந்தன. விமானங்களின் விலை பணத்தால் மட்டும் தீர்க்கப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. பின்லாந்து இழந்த நிலத்தை மீட்டதோடு நிற்காமல் கிழக்குக் கரேலியாவையும் ஆக்கிரமித்தது. அங்கு ரஷ்யக் குடிமக்களை முகாம்களில் அடைத்தது. பட்டினியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். விமானங்கள் பற்றிய எழுத்துகளில் குதிரைவலுவும் வீழ்த்திய கணக்கும் தாராளமாகக் கிடைக்கும். இம்முகாம்களைக் காண்பது அரிது. சின்னஞ்சிறு நாடு, பேரரசுகளின் கழிவுகளைக் கொண்டு சமாளித்த கெட்டித்தனம் நம்மை மயக்கிவிடுகிறது.

ஓர் ஆயுதம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது பாதிக் கேள்விதான். யார் நிலத்தில், யார் தலைக்கு மேல் அது பறந்தது என்பது மீதிப் பாதி. கைப்பற்றிய ஆயுதங்களின் படங்களைப் பார்த்துப் பூரித்துப்போன நாம், அந்த மீதிப் பாதியை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?