உங்களுக்குத் தெரியுமா? சால்மன் முதுகிலுள்ள அடையாளம்

அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களுக்கு இடையே ஓடும் கொலம்பியா ஆற்றில், மீன்குஞ்சுப் பொரிப்பகங்களில் வளர்த்து விடப்படும் சால்மன்களில் பெரும்பாலானவற்றுக்கு, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையிலுள்ள, கொழுப்புத் துடுப்பு எனப்படும் முள்ளற்ற சிறு சதைமடல் குஞ்சுப் பருவத்திலேயே நறுக்கப்படுகிறது. அவ்விடத்தில் ஆறிய வழவழப்பான தழும்பு இருந்தால் தூண்டில்காரர் மீனை வைத்துக்கொள்ளலாம். பொரிப்பக மீன்களை மட்டுமே வைத்துக்கொள்ள அனுமதிக்கும் பருவங்களில் துடுப்பு முழுமையாக இருந்தால், அதை ஆற்றில் இயற்கையாகப் பிறந்த மீனாகக் கருதி, நீரிலிருந்து முழுவதும் தூக்காமலே விடுவிக்க வேண்டும் என்பது வாஷிங்டனின் நன்னீர் விதியாகும்.

கொலம்பியாவின் துணையாறான ஸ்னேக்கின் சாக்கை சால்மன் 1991இல் அழியும் அபாயத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்ட நிலையில், இந்த வேறுபாடு உயிர்நாடியானது. ஆனால் வணிக மீன்பிடிப்பில் நெடுங்காலமாகப் பயன்படும் செவுள் வலை, அதாவது மீனின் செவுளில் சிக்கி மூச்சை அடைக்கும் வலை, பொரிப்பக மீனையும் இயற்கை மீனையும் பிரித்தறியாது. ஆகவே, மரத்தூண்களை நட்டு வலைகட்டி மீனை நீரிலேயே உயிருடன் அடைத்துவைக்கும் பொறிகள், மிகையான பிடிப்பு குறித்த அச்சத்தால் 1934இல் வாஷிங்டன் வாக்காளர்களே தடைசெய்தவையாயினும், அண்மை ஆண்டுகளில் கீழ்க் கொலம்பியாவில் மீண்டும் சோதிக்கப்பட்டது மிகவும் வரவேற்கத்தக்கது.

விடுவிக்கப்பட்ட மீன்களிலும் ஒரு பகுதி களைப்பாலும் காயத்தாலும் இறப்பதால், அந்த இழப்பையும் மதிப்பிட்டே மீன்பிடிப் பருவத்தின் அளவு வரையறுக்கப்படுகிறது.