இலவசக் கல்வியும் பெற்றோரின் தெரிவும்

அரச பாடசாலையா, தனியார் பாடசாலையா, வீட்டுக் கல்வியா என்னும் வினாவைப் பெற்றோரின் தனிவிருப்பாக மட்டும் நாம் நோக்குதல் பொருந்தாது. இலங்கையில் 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளை அரசின்கீழ்க் கொணர்ந்ததோடு, 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலைகள் தோன்றுவதையும் தடுத்தன. எனினும் 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கையைத் தொடர்ந்து, 'சர்வதேசப் பாடசாலைகள்' கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்று வளரலாயின.

இவற்றினும் பரந்தது ரியூட்டரிக் கல்வி. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலுக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் அரச பாடசாலை மாணவரே மாலையில் கட்டணம் செலுத்திக் கற்கின்றனர். காலையில் இலவசமாகக் கிடைக்கும் பாடமே மாலையில் விலைக்கு வருகின்றது. வீடும் ஒருவகையிற் பாடசாலையே. படித்த பெற்றோரின் பிள்ளைக்கு நூல்களும் வழிகாட்டலும் அங்கேயே உள. தோட்டத்து லயன் அறைகள் பலவற்றிலோ படிப்பதற்கு ஒரு மேசையிடவும் இடமில்லை.

ஆகவே தெரிவு என்பது வசதியுடையோர்க்கே தெரிவாகின்றது. ஏனையோர்க்கு அருகிலுள்ள அரச பாடசாலையே கதி. பாடத்திட்டம் முழுவதும் அங்கு பாடசாலை நேரத்திலேயே கற்பிக்கப்படும்போதுதான் கல்வி மெய்யாகவே இலவசமாகும் என்பது எமது துணிபு.