நடிகனாகணும்னா எத்தனை வருஷத்துக்குக் காசு வேணும்? விஜய் சேதுபதி கணக்கும் ரெண்டு மா தென்னந்தோப்பும்



2024 ஜூன் மாசம். ரிட்டர்ன் சீசன், ஆபீஸ் முழுக்க ஃபைல். பேராவூரணி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அப்பா, அம்மா, பையன் மூணு பேரும் வந்தாங்க. அப்பா கேட்டது ஒரே கேள்வி: "சார், ரெண்டு மா தோப்பை வித்தா வரி எவ்வளவு வரும்?"

ஊரகப் பகுதியில் இருக்கிற விவசாய நிலம்னா, வருமான வரிச் சட்டப்படி அது மூலதனச் சொத்தே கிடையாது. வித்தாலும் மூலதன ஆதாய வரி வராது. அவங்க நிலம் அந்த வகைதான். ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிட்டேன். ஆனா பழக்கதோஷம், "எதுக்கு விக்கிறீங்க?"ன்னு கேட்டுட்டேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். அம்மாதான் சொன்னாங்க: "தம்பி நடிக்கப் போறேங்குறான் சார். சென்னையில ஒரு இடத்துல மூன்றரை லட்சம் கட்டுனா ஆறு மாசம் சொல்லிக்கொடுத்து, சினிமாவுல சான்ஸும் வாங்கித் தர்றாங்களாம்."

பையன் பி.காம் முடிச்சவன். கல்லூரியில நாடகம் போட்டிருக்கான். முகத்துல ஆசையும் பயமும் சரிபாதி. "விஜய் சேதுபதி சார் மாதிரி வரணும் சார்" என்றான்.

"சரி தம்பி, அப்போ விஜய் சேதுபதி கணக்கையே பார்ப்போம்"னு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். அன்னிக்குப் பேசினதைத்தான் இந்தப் பதிவுல விரிவா எழுதறேன். நடிப்பு மட்டும் இல்ல, வருமானம் எப்போ வரும்னே தெரியாத எந்தத் தொழிலுக்குப் போறவங்களுக்கும் இது பொருந்தும்.

அவர் முதல்ல நம்ம டிபார்ட்மென்ட் ஆளு

ராஜபாளையத்துல பிறந்து சென்னையில வளர்ந்த விஜய் சேதுபதி ஒரு பி.காம் பட்டதாரி. படிக்கும்போதே கைச்செலவுக்குக் கடையில சேல்ஸ்மேன், ஃபாஸ்ட்ஃபுட் கடையில கேஷியர், டெலிபோன் பூத்னு பார்த்தவர். படிப்பு முடிஞ்சதும் சிமென்ட் மொத்த வியாபாரம் செய்யற இடத்துல கணக்கு உதவியாளர். அப்புறம் சம்பளம் அதிகம்னு துபாய்ல அக்கவுன்டன்ட் வேலை. 2003-ல ஊர் திரும்பினார்.

திரும்பின உடனே நடிகர் ஆகிடலை. நண்பர்களோட இன்டீரியர் வேலை பார்த்தார், மார்க்கெட்டிங் பார்த்தார். அப்புறம் சென்னை கூத்துப்பட்டறையில சேர்ந்தார். எந்த வேலைக்கு? கணக்கு எழுத! அக்கவுன்டன்டா இருந்துக்கிட்டே அங்கே நடிப்பையும் கத்துக்கிட்டார்.

கூத்துப்பட்டறை யார் ஆரம்பிச்சதுன்னு நம்ம டெல்டாக்காரங்க தெரிஞ்சுக்கணும். பழைய தஞ்சை மாவட்டத்துப் புஞ்சை கிராமத்துல பிறந்த ந. முத்துசாமி 1977-ல தொடங்கின நாடகக் குழு அது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த்னு அங்கேயிருந்து வந்தவங்க பட்டியல் நீளம்.

இப்போ தேதியை மட்டும் வரிசையாப் பாருங்க:

- 2003: துபாயிலிருந்து திரும்பினார்
- 2004: 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி' படத்துல கூட்டத்துல ஒருத்தரா வந்தார்
- 2006: சன் டிவி 'பெண்' சீரியல், 'புதுப்பேட்டை'யில சின்ன வேடம்
- 2009: 'வெண்ணிலா கபடி குழு'வில சின்ன வேடம், அதையொட்டிய காலத்துல குறும்படங்கள், கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்'
- 2010 டிசம்பர்: 'தென்மேற்குப் பருவக்காற்று', முதல் கதாநாயகன் வேடம்
- 2012: 'பீட்சா', 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'

2003-லிருந்து முதல் கதாநாயகன் வேடத்துக்கு ஏழு வருஷம். எல்லாருக்கும் முகம் தெரிய ஒன்பது வருஷம். அந்த 'தென்மேற்குப் பருவக்காற்று' சிறந்த தமிழ்ப் படம் உட்பட மூணு தேசிய விருது வாங்கியது. அதுக்கப்புறமும் அவருக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

பையன்கிட்ட கேட்டேன்: "தம்பி, ஆறு மாச கோர்ஸுக்குக் காசு புரட்டுறீங்க. மிச்ச ஆறரை வருஷத்துக்கு?"

நாடகம், டிவி, சின்னப் படம்: மூணும் மூணு விதமான வருமானம்

அவர் பாதையில இன்னொன்று கவனிங்க. ஒரே கதவை மட்டும் அவர் தட்டிக்கிட்டு இருக்கலை.

நாடகம் காசு தராது, கை திறமையைத் தரும். உடம்பு, குரல், மேடை பயம் போறது எல்லாம் அங்கேதான் நடக்குது. கணக்கு மொழியில சொன்னா இது முதலீடு.

சீரியல் மாசச் செலவுக்கு. நாள் கணக்குல சம்பளம். கேமரா முன்னாடி வேகமா வசனம் சொல்லப் பழக்கிவிடும். ஆனா கதையில உங்க பாத்திரம் அமெரிக்கா போயிட்டா அன்னையோட வருமானமும் அமெரிக்கா போயிடும்!

குறும்படமும் சின்ன பட்ஜெட் படமும் ஆட்களைத் தரும். 'நாளைய இயக்குநர்' காலத்துல குறும்படம் எடுத்துக்கிட்டிருந்த கார்த்திக் சுப்பராஜ்தான் பிறகு 'பீட்சா' எடுத்தார். குறும்படத்துல வந்த பணம்னு எதுவும் இருந்திருக்காது. ஆனா அந்தப் பழக்கத்தோட மதிப்பு என்னன்னு 2012-ல தெரிஞ்சது.

இந்த மூணுக்கும் அடியில அக்கவுன்ட்ஸ் வேலைன்னு நாலாவது தூண் ஒன்னு இருந்தது. பின்னாடி 'சூப்பர் டீலக்ஸ்' படத்துக்குத் தேசிய விருது வாங்கின அதே மனிதர், மறுபடி டிவிக்கு வந்து 'நம்ம ஊரு ஹீரோ', 'மாஸ்டர் செஃப்', 'பிக் பாஸ்' நடத்தினதையும், 'ஃபார்சி' வெப் சீரிஸ் செஞ்சதையும், 'மேற்குத் தொடர்ச்சி மலை' மாதிரி ஒரு சின்னப் படத்தைத் தயாரிச்சதையும் சேர்த்துப் பாருங்க. ஜெயிச்ச பிறகும் அவர் ஒரே பானையில சோறு வைக்கலை.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. மணிமண்டபத்துல இருக்காரே பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், அவரும் வயல் வேலையிலிருந்து நாடக நடிப்பு வரை எத்தனையோ தொழில் பார்த்துட்டுத்தான் சினிமாவுக்குப் பாட்டு எழுதப் போனார்.

ஊடுபயிர் இல்லாம தென்னை வைப்பீங்களா?

அதுவரைக்கும் அப்பா எதுவும் பேசலை. அவர்கிட்ட கேட்டேன்: "ஐயா, கஜாவுல எத்தனை மரம் போச்சு?"

"அறுபது சாஞ்சிடுச்சு சார். மறுவருஷம் கன்னு வெச்சோம். இப்பதான் பாளை விடுது."

2018 நவம்பர் 16-ஐ இந்தப் பக்கத்துல யாரும் மறக்க முடியாது. நெட்டைக் கன்னு பலனுக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். "அந்த ஆறு வருஷம் எதை வெச்சுச் சாப்பிட்டீங்க?"

"ஊடுபயிர்தான். வாழை, உளுந்து, கொஞ்சம் கடலை. அதோட மிச்ச மரத்துக் காய்."

"தம்பிக்கும் அதே திட்டம்தான் வேணும் ஐயா. இருக்கிற தோப்பை வித்துக் கன்னு வாங்கக் கூடாது."

அதுக்கப்புறம்தான் அப்பா நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சென்னையில தனியாளுக்கு ஒரு மாசச் செலவுன்னு நாங்க தாள்ல போட்டது இது. உங்க கணக்கு கொஞ்சம் மாறலாம்.

- அறை வாடகைப் பங்கு: ரூ.5,000
- சாப்பாடு: ரூ.6,000
- பஸ், ரயில், பெட்ரோல்: ரூ.2,500
- போன்: ரூ.500
- பயிற்சிப் பட்டறை, போட்டோ: ரூ.2,000
- மருத்துவக் காப்பீட்டுக்கு ஒதுக்கல்: ரூ.1,000
- இதர செலவு: ரூ.1,000

மொத்தம் ரூ.18,000. வேறு வருமானமே இல்லாம ஏழு வருஷம் காத்திருந்தா ரூ.15,12,000. விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமலே இவ்வளவு.

அதே பையன் பாதி நாள் வேலையில ரூ.10,000 சம்பாதிச்சா, மாசத்துக்குத் துண்டு விழறது ரூ.8,000 மட்டும்தான். வருஷத்துக்கு ரூ.96,000. அதாவது கோர்ஸுக்குக் கேட்ட அந்த ரூ.3,50,000 இருந்தா மூன்றரை வருஷத்துக்கு மேல சென்னையில தாக்குப்பிடிக்கலாம்!

ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். நாம பார்த்தது ஜெயிச்சவரோட கணக்கு. அதே வருஷங்கள்ல அதே மாதிரி உழைச்சு, பேர் தெரியாமலே போனவங்க எத்தனையோ பேர். அவங்க கதை பேட்டியா வராது. அதனால திட்டம் எப்படி இருக்கணும்னா, பையன் தோத்தாலும் வீடு நிக்கணும். நகைக்கடன், தனிநபர் கடன், நிலம் மூணையும் தொடக்கூடாதுன்னு சொன்னேன். 'சான்ஸ் உறுதி'ன்னு சொல்ற இடத்துல அதை எழுத்துல, பணம் திருப்பித் தரும் விதியோட கேளுங்கன்னும் சொன்னேன். போன் பண்ணிக் கேட்டாங்க. அந்தப் பக்கம் பேச்சே மாறிடுச்சாம்.

நடிக்கத் தொடங்கியாச்சா? இந்த வரி விஷயங்கள் தெரிஞ்சிருக்கணும்

1. டிடிஎஸ்-ஐ விட்டுடாதீங்க. நடிப்புச் சம்பளத்துல பொதுவா 10% பிடிச்சுட்டுத்தான் தருவாங்க. 2025 ஏப்ரலிலிருந்து, ஒரே இடத்திலிருந்து வருஷத்துக்கு ரூ.50,000 தாண்டினா இந்தப் பிடித்தம். பான் எண் தரலைன்னா 20%. வருஷத்துக்கு மொத்தமே ரூ.3 லட்சம் வாங்கினவருக்கு ரூ.30,000 பிடிச்சிருந்தா, ரிட்டர்ன் போட்டு முழுசாத் திரும்ப வாங்கலாம். 'எனக்குத்தான் வரியே இல்லையே'ன்னு ரிட்டர்ன் போடாம இருக்கிறவங்க சொந்தக் காசை விட்டுட்டுப் போறாங்க. 26ஏஎஸ் படிவத்தை ஒருமுறை திறந்து பாருங்க.

2. பாதி வருமானம் காட்டினா போதும். 1961 சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், சினிமா கலைஞர்கள் மொத்த வரவுல 50%-ஐ வருமானமாக் காட்டலாம். மேக்கப், உடை, பயணம்னு ஒவ்வொரு பில்லும் சேர்க்கத் தேவையில்லை. வரவு ரூ.50 லட்சம் வரை இது செல்லும். ரொக்கமா வாங்கினது 5%-க்குள் இருந்தா ரூ.75 லட்சம் வரை. கவனம்: சட்டத்துல இருக்கிற விளக்கம் சினிமாத் தயாரிப்பில் வேலை செய்றவங்களைச் சொல்லுது. உங்க வருமானம் பெரும்பாலும் மேடை நாடகத்திலிருந்து வருதுன்னா, உங்க ஆடிட்டரைக் கேட்டுட்டுப் போடுங்க. 2026 ஏப்ரல் 1-லிருந்து 2025-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம். அதுல பிரிவு எண்கள் வேற.

3. ஜிஎஸ்டி. வருஷ வரவு ரூ.20 லட்சம் தாண்டினா பதிவு வேணும். நாட்டுப்புற, செவ்வியல் வடிவ இசை, நடனம், நாடகத்துக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ரூ.1.5 லட்சம் வரை வாங்கினா அதுக்கு ஜிஎஸ்டி விலக்கு. கூத்து, பாகவத மேளா போடறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

4. சின்னப் படம்னாலும் ஒப்பந்தம் எழுதுங்க. 'படம் வித்ததும் தர்றேன்' தப்பான பேச்சு இல்ல. ஆனா எவ்வளவு, எப்போ, ஓடிடி வித்தா பங்கு உண்டான்னு ஒரு பக்கத்துல கையெழுத்து வாங்குங்க. நண்பன்தானேன்னு விட்டா, காசோட நட்பும் போகும்.

5. நல்ல மாசத்துச் சம்பளத்தை நல்ல மாசமே செலவு பண்ணாதீங்க. சீரியல் பணம் வந்ததும் ஆறு மாசச் செலவு, அதாவது நம்ம கணக்குல ரூ.1,08,000 தனி அக்கவுன்ட்ல சேர்ற வரைக்கும் பைக், போன் எதுவும் மாத்தக்கூடாது.

கடைசியில என்ன ஆச்சு?

தோப்பை விக்கலை. மூணு வருஷக் கெடு வெச்சோம்: 2027 ஜூன். அதுவரை மாசம் ரூ.8,000 அப்பா தருவார், கடன் எதுவும் வாங்கக் கூடாது, வருஷத்துக்கொரு தடவை என் ஆபீஸ்ல உட்கார்ந்து கணக்குப் பார்க்கணும். பையன் சென்னையில ஒரு ஜிஎஸ்டி ஃபைலிங் ஆபீஸ்ல மத்தியானம் வரை வேலை பார்க்கறான். சாயங்காலம் நாடகக் குழு ஒன்னுல ஒத்திகை. ரெண்டு குறும்படம் பண்ணியிருக்கான். ரெண்டுக்கும் பஸ் காசு மட்டும்தான்.

இந்த வருஷம் கணக்குப் பார்க்க வந்தப்போ அவன் 26ஏஎஸ்-ஐத் திறந்தேன். ஒரு சீரியல் கம்பெனி பேர்ல ரூ.54,000 வரவு, ரூ.5,400 பிடித்தம். ஆஸ்பத்திரி வார்டு பாய் வேஷமாம், பாத்திரத்துக்குப் பேர் கூட இல்லையாம். ரிட்டர்ன் போட்டோம். ரீஃபண்ட் வந்த அன்னிக்கு அவங்க அம்மா போன் பண்ணினாங்க.

"சார், இந்த ஐயாயிரத்து நானூறு அவன் நடிச்ச காசுதானே?"

"ஆமாம்மா, அவன் நடிச்ச காசுதான்."

"அவங்கப்பா கேக்கச் சொன்னாரு" என்றார்கள்.

கெடு முடியறப்போ பையன் என்ன ஆவான்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மா தோப்பு அப்பா பேர்லயே இருக்கும். அது மட்டும் நிச்சயம்.

44ஏடிஏ கணக்கு போடறது எப்படின்னு நம்ம சேனல்ல தனி வீடியோ போடறேன். உங்க வீட்டுலயும் கலை, விளையாட்டு, இசைன்னு ஒரு பிள்ளை கிளம்பி நின்னா, 'வேண்டாம்'னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இந்த மாசக் கணக்கை ரெண்டு பேரும் சேர்ந்து போட்டுப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!