அணையத் தாமதிக்கும் சிவப்பு விளக்கு

பறித்த தேயிலைக் கொழுந்து குவியலாகக் கிடக்கும் நேரம் நீள நீளச் சூடேறித் தரம் குன்றும் என்பதால், பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் அதை, நிறுக்கும் இடமான மடுவத்திலிருந்து தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்லும் டீசல் லொறி ஒருநாள் நின்றாலும் அன்றைய வேலை குழம்பிவிடும். இத்தகைய லொறிகளில் காலையில் இயந்திரம் இயங்கத் தொடங்கிய பின்னும் சாரதியின் முன்னுள்ள சிவப்பு எண்ணெய் அழுத்த விளக்கு அணையாமல் நிற்பதுண்டு. சில விநாடிகளில் தானாகவே அணைந்துவிடுவதால், கவனிக்க வேண்டிய கோளாறாக அது பெரும்பாலும் கருதப்படுவதில்லை.

இயந்திரத்தின் அடியிலுள்ள ‘சம்ப்’ எனும் தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் பம்ப், அதை வடிகட்டியாகிய பில்டரின் வழியே கிராங்கையும் மற்றச் சுழலும் உறுப்புகளையும் தாங்கும் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. அழுத்தத்தைப் பம்பே உண்டாக்குகிறது என்று பலர் நினைத்தாலும், பம்ப் செய்வது எண்ணெயைத் தள்ளுவது மட்டுமே. கிராங்குக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள, பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி அந்த ஓட்டத்தைத் தடுப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. அவ்விடைவெளி தேய்ந்து இரு மடங்கானால், அதே அழுத்தத்தில் அதன் வழியே கசியும் எண்ணெய் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பதால், சிறு தேய்மானமும் அழுத்தமானியில் பெரிதாகத் தெரியும்.

விளக்கை இயக்கும் சுவிட்ச் பல வாகனங்களில் அரை பார் அளவிலேயே, அதாவது சதுர அங்குலத்துக்கு ஏழு இறாத்தல் அளவிலேயே, விளக்கை அணைத்துவிடுகிறது. நல்ல நிலையிலுள்ள இயந்திரம் சூடான பின் மெதுவாக ஓடும்போதே சுமார் ஒரு பாரும், வேலை வேகத்தில் மூன்று முதல் ஐந்து பார் வரையிலும் காட்ட வேண்டும் என்பதால், விளக்கு அணைந்தது நலத்துக்குச் சான்றாகாது.

மலைநாட்டில் விளக்கு அணையும் இத்தாமதத்துக்கு முதலில் குற்றஞ்சாட்டப்படுவது குளிர். ஆனால் இன்றைய டீசல் இயந்திரங்களில் பரவலாக ஊற்றப்படும் 15டபிள்யூ-40 வகை எண்ணெய், பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை செல்சியஸிலும் பம்பால் இழுக்கப்படக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது தர விதியாகையால், சுமார் 1,430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையின் தை மாதக் குளிர் அதற்குப் பொருட்டே அல்ல. விளக்கு அணையவில்லை என்று இன்னும் தடித்த எண்ணெயை ஊற்றுவது, சூடான பின் அழுத்தமானியின் முள்ளைச் சற்று உயர்த்திக் காட்டினாலும், காலையில் எண்ணெய் பேரிங்கை அடையும் நேரத்தை மேலும் நீட்டுகிற வைத்தியமாகும்.

உண்மையான காரணம் பெரும்பாலும் லொறி நிற்கும் இடத்திலும் பில்டரிலும் இருக்கிறது. சமதரை அரிதான தோட்டங்களில் லொறி இரவு முழுவதும் சரிவில் சாய்ந்து நிற்க, எண்ணெய் சம்பின் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. அளவும் குறைந்திருந்தால் உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரிந்து, பம்ப் காற்றை இழுக்கிறது. லொறி சரிவில் நிற்கையில் எண்ணெய் அளவுகோலைப் பார்த்தால் அதுவும் பொய் சொல்லும் என்பதால், தொழிற்சாலை முற்றம் போன்ற சமதரையில், இயந்திரத்தை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்தே எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். பில்டருக்குள், இயந்திரம் நின்றபின் எண்ணெய் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று உண்டு. மலிவான பில்டர்களில் அது விரைவில் விறைத்துவிடுவதால், ஞாயிறோ போயா விடுமுறையோ கழிந்த மறுநாள் பம்ப் முதலில் வெறும் பில்டரை நிரப்ப வேண்டியதாகிறது. ஓரிரவு நின்றால் விரைவில் அணையும் விளக்கு, இரண்டு மூன்று நாள் நின்றால் மட்டும் தாமதிக்குமாயின் முதலில் மாற்ற வேண்டியது பில்டரே. உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்றுக் கசிவு, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு அழுக்கால் திறந்தே நிற்பது ஆகியவை அடுத்துப் பார்க்க வேண்டியவை.

கொழுந்து நிறுக்கும் வரை மடுவத்தருகே இயந்திரத்தை மணிக்கணக்கில் மெதுவாக ஓட விடுவதும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுவதும், எரியாத டீசலைச் சம்பில் சேர்த்து எண்ணெயை நீர்க்கச் செய்து அழுத்தத்தைக் குறைக்கும். ஊற்றாமலே எண்ணெய் மட்டம் உயர்ந்து, அளவுகோலில் டீசல் மணத்தால் அது இந்நோய். உயர்ந்த மட்டத்தைக் கண்டு மகிழ்பவர்களும் உள்ளனர்.

இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன், சுவிட்சின் வயரை நீக்கிப் பார்ப்பது நல்லது. அப்போதும் விளக்கு எரிந்தால் கோளாறு வயரிங்கில் இருக்கும். அணைந்தால், சுவிட்சைக் கழற்றி அதே துளையில் இயந்திர அழுத்தமானி ஒன்றைப் பொருத்திக் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அளக்க வேண்டும். தொடக்கத்தில் மட்டும் தாமதித்துப் பின் முழு அழுத்தம் வந்தால் பில்டர், அளவு, உறிஞ்சு குழாய் ஆகியவற்றையும், சூடான பின் அழுத்தம் விழுந்தால் நீர்த்த எண்ணெயையும் பேரிங்கையும் சந்தேகிக்கலாம். பழைய பில்டரை வெட்டிப் பார்க்கையில் மடிப்புகளிடையே செம்பு நிறத் துகள் மின்னினால், பேரிங் தேய்மானமே என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

பற்றரி தளர்ந்த லொறியைச் சரிவில் உருட்டி, கியரைப் போட்டு இயக்கும் வழக்கம் இக்கோளாறோடு சேர்ந்தால் மிகவும் கெடுதியானது. எண்ணெய் வந்து சேருமுன்பே சக்கரங்கள் கிராங்கை வேகமாகச் சுழற்றிவிடுகின்றன. எப்படி இயக்கினாலும், பத்துப் பதினைந்து விநாடிக்குள் அழுத்தம் வராவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காரணம் தெரியும் வரை மீண்டும் இயக்கலாகாது. பேரிங் மட்டுமே தேய்ந்திருந்தால், பல லொறிகளில் அதன் ஓடுகளைச் சம்பைக் கழற்றிக் கீழிருந்தே மாற்றிவிட முடியும். கிராங்கும் கீறப்பட்ட பின்னரோ, இயந்திரத்தையே இறக்கிக் கிராங்கைக் கடைசலுக்கு அனுப்ப வேண்டியதுதான்.